இடது மரை

எண்பத்து நாலாம் வருசத்துப் புல்லட் எஞ்சின்.
மற்றதெல்லாம் ஸ்டெல்லஸ் சேர்த்தது.
சட்டம், தக்கலை பழைய இரும்புக்கடைக் குழாய்.
டேங்கு யாருடையதோ.
சீட்டுக்குப் பதில் மடித்த சாக்கு.

கருங்கல் பட்டறை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து
"கியரை இடப்பக்கம் கொண்டு வரணும்" என்றான்.
ஏன் என்று கேட்கவில்லை,
அவன் நடையே சொல்லிவிட்டது.
குளச்சலில் ஒரு விடியற்காலை
வின்ச்சுக் கயிறு இறுக்கிய வலது கணுக்கால்.
பிறகு ஆஸ்பத்திரியில் இறுக்கினார்கள்,
ஒரு தகடு, ஆறு ஸ்குரு.
மிதிக்கும்.
தூக்காது.

"பிரேக்கு இங்கோட்டு வரட்டும், மிதிச்சா போதும் கேட்டியளா.
கியருக்குத்தான் விரலு எழும்பணும்."

அவன் கணக்கு சரி.
என் கணக்கு அன்றிரவு தொடங்கியது,
கரண்டு பில்லின் பின்பக்கம்.
கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு குட்டைக் கை,
அதிலிருந்து கீழே ஒரு கம்பி,
கம்பி பிடிக்க இன்னொரு கை,
அந்தக் கை பற்றிய தண்டு
எஞ்சினுக்கு அடியில் குறுக்கே நுழைந்து
இந்தப் பக்கம் வந்து பெடலாகும்.
மூட்டுக்கு மூட்டு அரை மில்லி ஆட்டம் விட்டால்
பாதம் சத்தமாகச் சொன்னது
பல்லுக்குப் போய்ச் சேரும்போது முணுமுணுப்பு.

முதல் தண்டு, பன்னிரண்டு மில்லி கம்பி.
மிதித்தேன். முறுகியது.
காலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துகொண்டது,
கியர் அசையவேயில்லை.
சவத்தைத் தூக்கி மூலையில் எறிந்தேன்.
அடுத்தது குழாய், பத்தொன்பது. மசியவில்லை.
இரு முனைக்கும் வெண்கலப் புஷ்,
படகு புரோப்பெல்லர் தண்டில் தேய்ந்து கழித்த துண்டு,
ஸ்டெல்லஸ் கைலியில் முடிந்து கொண்டுவந்தது.
லேத்தில் பிடித்ததும்
பச்சைக் களிம்பு சுருண்டு விழுந்து
உள்ளே ஒரு மஞ்சள்,
கடல் அதைப் பார்த்ததேயில்லை.

கம்பிக்குத்தான் நாள் எடுத்தது.
ஒரு முனை வலது மரை,
மறுமுனை இடது.
இடது மரைப் பந்துமூட்டுக்கு
மார்த்தாண்டத்தில் மூன்று கடை கைவிரித்தது.
நாலாவது கடையில்
கிரீஸ் தாள் பிரிக்காத ஒன்றே ஒன்று.
இப்போது நடுவைத் திருப்பினால்
இரு முனையும் ஒன்றுபோல் நெருங்கி வரும்,
மாற்றித் திருப்பினால் ஒன்றுபோல் விலகும்.
எதையும் கழற்ற வேண்டாம்.

கணக்கு எழுதும் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.
"மனுசருக்கு இப்படி ஒரு கம்பி இல்லியே."
நான் வாய் திறக்கவில்லை.
போன மாதச் சம்பளம் அவளுக்குப் பாக்கி.

சனிக்கிழமை, தூறல்.
சாக்கை உதறிப் போட்டு ஏறினான்.
முதல் கியருக்கு மேலே தூக்கினான்,
கிளச்சை விட்டான்,
வண்டி ஒரு முறை தும்மி நின்றது.
மறுபடியும் தும்மல்.
விழுந்தது இரண்டாவது.
குறுக்குத் தண்டின் கையை
முன்னால் வைப்பதற்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.
மேல் கீழாகிவிட்டது.

கட்டர் மெஷினை எடுத்தேன்.
"வெட்டாண்டாம், பொறுங்க."
கீழே மிதித்தான். முதல்.
மேலே தூக்கினான். இரண்டு.
"இப்பம் எல்லா வண்டியும் இப்படித்தானே?
வேணும்னே செய்ததா?"

ஆமாம் என்றேன்.
ஜெசிந்தா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

திங்கள்சந்தைச் சாலையில் திரும்பி
ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மறைந்தான்.
சத்தம் மட்டும் கிடைத்தது.
இரண்டு. மூன்று.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்
ஒரு சின்னத் தயக்கம்.

லாக்நட்டு.
வலது முனையை இறுக்கிய கையோடு
இடதையும் அதே பக்கமா திருப்பினேன்?

பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரைப் பையில் போட்டு
ஜெசிந்தாவின் ஸ்கூட்டியை
அவளைக் கேட்காமல் எடுத்தேன்.